மாமனார் பெட்டிச் சாவியில் தொங்கிய 1911 பதக்கம்: அந்த வருடம் பிரிட்டனில் என்னதான் நடந்தது?

பொங்கோல் வாசி கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். போன மாதம்தான் குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொங்கோலுக்கு வந்தோம். மாமனார் காலமாகி நான்கு வருடம் ஆகிறது, அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்க இதுவரை யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் பெட்டிச் சாவியில் ஒரு பித்தளை வில்லை தொங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், சாவி தொலையாமல் இருக்கக் கட்டிய ஏதோ தகடு என்றுதான் நினைத்திருந்தேன். வீடு மாற்றும்போது என் மகன் அதைச் சட்டையில் தேய்த்துப் பார்த்திருக்கிறான். ஒரு பக்கம் ராஜா ராணி இருவர் முகம், மறுபக்கம் கிரீடம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 22 ஜூன் 1911 என்று தேதி.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய நாள் என்று தேடியதும் தெரிந்துவிட்டது. ஆனால் பையன் உயர்நிலை 2 படிக்கிறான், கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டான். "அம்மா, அந்த வருஷம் அங்கே கிரீடம் வச்சது மட்டும்தான் நடந்துச்சா, மத்தவங்க எல்லாம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க" என்று கேட்டான். இணையத்தில் பார்த்தால் தேதி, தேதியாக ஒரு பட்டியல் வருகிறது, ஒன்றோடொன்று ஒட்டவில்லை, எனக்கே படிக்க முடியவில்லை.

மாமனாரின் அப்பா மன்னார்குடிப் பக்கமிருந்து வந்து தஞ்சோங் பகார் கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர். இது அவர் கைக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் அந்த வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, வில்லை கறுத்துக் கிடக்கிறது, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசு எழுதியது:

சகோதரி, முதலில் புளியைக் கீழே வையுங்கள். பித்தளை மேல் படிந்திருக்கும் அந்தப் பழுப்பு நிறம் நூறு வருடத்துக் காற்று பட்டு வந்தது, அதுதான் பதக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. புளியின் அமிலம் பட்டால் பளபளப்பு வரும், ஆனால் மீசை முடி, காதோரம், ராணியின் கழுத்து மணி மாதிரி மெல்லிய கோடுகள் எல்லாம் மழுங்கிப் போகும். காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

அரசாங்கம் அதிகாரபூர்வமாகக் கொடுத்த பதக்கம் வெள்ளியில் செய்தது, கருநீல ரிப்பன், நடுவில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடு. உங்களிடம் இருப்பது அதுவல்ல. நகராட்சிகளும் கம்பெனிகளும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் கொடுப்பதற்காகப் பித்தளையிலும் வெள்ளீயத்திலும் ஏராளமாக அடித்த நினைவு வில்லை. விலை என்று பார்த்தால் பெரிதாக வராது. அதை நினைத்து வருத்தப்படாதீர்கள், உங்கள் வீட்டுச் சாவியில் இத்தனை வருடம் தொங்கிய வில்லைக்கு வெளியில் யாரும் விலை சொல்ல முடியாது.

முடிசூட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம் எட்வர்ட் 1910 மே 6 அன்று இறந்தார், அன்றே மகன் ஜார்ஜ் அரசர். துக்கம் எல்லாம் கழித்து, ஒரு வருடத்துக்கு மேல் ஏற்பாடு செய்து, 1911 ஜூன் 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கிரீடம் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஸ்பிட்ஹெட் கடலில் போர்க்கப்பல்களை வரிசையாக நிறுத்தி அரசர் பார்வையிட்டார். ஜூலை 13 அன்று வேல்ஸில் கார்னார்வன் கோட்டையில் மூத்த மகன் எட்வர்டுக்கு இளவரசர் பட்டம், பையனுக்கு 17 வயது. இந்த எட்வர்ட்தான் 1922இல் சிங்கப்பூருக்கு வந்து போனவர், 1936இல் முடியே வேண்டாம் என்று இறங்கியவரும் அவரே.

அப்புறம் நவம்பர் 11 அன்று அரசரும் அரசியும் மெதினா என்ற புதுக் கப்பலில் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். டிசம்பர் 12, டில்லி தர்பார். பதவியில் இருக்கும் பிரிட்டிஷ் அரசர் ஒருவர் இந்திய மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த மேடையிலேயே தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போகிறது, 1905இல் இரண்டாகப் பிரித்த வங்காளம் மறுபடி ஒன்றாகிறது என்று அறிவித்தார்கள். அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம். கூட்டத்தில் இருந்த பெரிய அதிகாரிகளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கப்பல் பிரியன் எழுதியது:

டைட்டானிக் மூழ்கியதும் அந்த வருடம்தானே, அதையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

பழங்காசு எழுதியது:

இல்லை, மூழ்கியது 1912 ஏப்ரல். 1911 மே 31 அன்று பெல்ஃபாஸ்டில் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள், அவ்வளவுதான். அப்போது அது வெறும் கூடு, உள்வேலை முடிய இன்னும் பல மாதம் ஆனது. அதே நாளில்தான் அதன் அக்கா கப்பலான ஒலிம்பிக்கை வேலை முடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள்.

துறைமுகத்து ஆள் எழுதியது:

அம்மா, உன் மாமனாரின் அப்பா மூட்டை தூக்கியவர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் தஞ்சோங் பகாரில் 31 வருடம் வேலை பார்த்தவன், என் அப்பாவும் அதே கிடங்கில்தான். கிரீடம் பற்றிப் பழங்காசுத் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். உன் பையன் கேட்டது "மத்தவங்க என்ன செஞ்சாங்க" என்று. மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருடத்தில் சுமார் 1 கோடி வேலை நாட்கள் வேலைநிறுத்தத்தில் போயின.

ஜூன் 14 அன்று, கிரீடம் வைக்க எட்டு நாள் இருக்கும்போது, பிரிட்டன் முழுக்கக் கப்பல் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துக் கப்பலின் அடிவயிற்றில் கரி அள்ளிப் போடுகிறவன் வேலை எப்படி என்று எங்கள் ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொதிகலன் வாயைத் திறந்தால் முகம் வெந்துபோகும், மண்வாரியால் அள்ளி உள்ளே எறிந்துவிட்டுச் சட்டென்று மூட வேண்டும், நான்கு மணி நேரம் அது, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம், கரை தெரியும்வரை இப்படியே. அந்த ஆட்கள் சம்பளம் கூட்டு என்றார்கள், எங்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசு என்றார்கள். முடிசூட்டுக்கு ஊரெல்லாம் கொடி கட்டியிருக்கும் நேரத்தில் கப்பல் நின்றால் முதலாளிக்குத் தாங்குமா, ஒவ்வொரு கம்பெனியாக இறங்கி வந்தது. அதைப் பார்த்துக் கப்பல் துறை ஆட்கள் நின்றார்கள், அவர்களைப் பார்த்து வண்டிக்காரர்கள் நின்றார்கள்.

ஆகஸ்ட் வந்ததும் வெயில். நம் ஊர்க்காரனுக்கு வெயில் புதிதல்ல, ஆனால் அவர்களுக்கு அது கண்டறியாத வெயில். ஆகஸ்ட் 9 அன்று கிரீனிச்சில் 36.7 டிகிரி, அந்தக் கணக்கை முறியடிக்க 1990 ஆனது. ஐஸ் பெட்டி கிடையாது, பால் காலையில் வாங்கி மத்தியானத்துக்குள் திரிந்துவிடும், அதைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. 1910இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 105 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், 1911இல் அது 130. முடிசூட்டு வருடம் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வெயிலில்தான் லிவர்பூல் துறைமுக நகரத்தில் வேலைநிறுத்தம். டாம் மான் என்ற தொழிற்சங்கத் தலைவர் முன்னின்று நடத்தினார். ஆகஸ்ட் 13 ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கு முன்னால் பல ஆயிரம் பேர் கூடினார்கள், பெண்டு பிள்ளைகளோடு. போலீஸ் தடியோடு கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு நாள் கழித்துப் பட்டாளம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அந்த ஊரின் மெர்சி ஆற்றுக்கே ஒரு போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது அரசாங்கம். ஸ்பிட்ஹெட்டில் அரசர் போர்க்கப்பல்களைப் பார்வையிட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

17ஆம் தேதி ரயில் ஆட்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் ரயில் நின்றது அதுவே முதல் தடவை. உள்துறை அமைச்சர் சர்ச்சில், உள்ளூர் அதிகாரிகள் கேட்காமலே பட்டாளத்தை அனுப்பினார். 19ஆம் தேதி வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ரயிலை மறித்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, இரண்டு இளைஞர்கள் செத்தார்கள், இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஒருவர் தகர ஆலையில் வேலை பார்த்த ரக்பி ஆட்டக்காரர். ரயில்காரர்கள்கூட இல்லை அவர்கள். அன்று ராத்திரியே லண்டனில் பேச்சுவார்த்தை முடிந்து வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. சில மணி நேரம்தான் வித்தியாசம் அம்மா.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேஸ்திரி, காலையில் ஆள் எடுக்கும்போது கையைக் காட்டி "நீ வா, நீ போ" என்பான். போகச் சொன்னவன் வெறும் டிபன் தூக்கோடு வீட்டுக்குத் திரும்புவான். லிவர்பூல் ஆட்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். பையனுக்கு இதைச் சொல்.

சென்ட்ரல் ரன்னர் எழுதியது:

அண்ணே, பள்ளிப் பிள்ளைகளே வேலைநிறுத்தம் செய்தார்களே அதை விட்டுவிட்டீர்கள். செப்டம்பரில் அதே லனெல்லியில் ஒரு பள்ளியில் தொடங்கி 60க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. பிரம்படி வேண்டாம், வீட்டுப்பாடம் வேண்டாம் என்று பிள்ளைகள் தெருவில் ஊர்வலம் போனார்கள். அப்பாவும் அண்ணனும் செய்ததைப் பார்த்துத்தான் செய்தார்கள். உயர்நிலை 2 தம்பிக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

நான் இருபது வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். 1911 என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு அலமாரி.

ஏப்ரல் 2 ஞாயிறு இரவு பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த இரவு யார் எங்கே தங்குகிறார்களோ அந்த முகவரியில் எழுத வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள், "வாக்கு இல்லையென்றால் கணக்கும் இல்லை" என்று முடிவு செய்தார்கள். சிலர் வீட்டுப் படிவத்தில் குறுக்கே எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வீட்டிலேயே இருக்கக் கூடாதென்று லண்டன் ஆல்ட்விச்சில் சறுக்கு விளையாடும் கூடத்தில் விடிய விடிய விழித்திருந்தார்கள். எமிலி டேவிசன் என்ற பெண் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நிலவறை ஆலயத்தில் துடைப்பம் வைக்கும் அலமாரியில் ஒளிந்துகொண்டார். மறுநாள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த இரவை எங்கே கழித்தார் என்று கேட்டால் நாடாளுமன்றத்தில் என்றுதானே எழுத வேண்டும்? எழுதினார்கள். வாக்களிக்க அனுமதி இல்லாத இடத்திலேயே தன் பெயரைப் பதிய வைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து டெர்பி குதிரைப் பந்தயத்தில் அரசருடைய குதிரையின் குறுக்கே போய் அடிபட்டு இறந்தவரும் இவர்தான்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. கல்யாணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை இறந்தது. மூன்று கட்டம், பக்கத்தில் பக்கத்தில். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவங்களைப் பத்திரப்படுத்தி வைத்ததும் அந்தக் கணக்கெடுப்பில்தான் தொடங்கியது, அதனால் இன்றைக்கும் அந்தக் கையெழுத்தைப் பார்க்கலாம். பிறந்தது 9, இருப்பது 5, இறந்தது 4 என்கிற மாதிரி. துறைமுகத்து ஐயா சொன்ன 130 என்ற கணக்கு என் கண்ணுக்கு அந்த மூன்றாவது கட்டமாகத்தான் தெரிகிறது.

முடிசூட்டுக்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 17, லண்டனில் சுமார் 40,000 பெண்கள் ஊர்வலம் போனார்கள். முடிசூட்டு ஊர்வலம் என்றே பெயர் வைத்தார்கள், அரசர் ஊர்வலத்துக்கு முந்திக்கொண்டு. அதில் இந்தியப் பெண்கள் சிலரும் சேலை கட்டிக்கொண்டு யானைக் கொடியோடு நடந்தார்கள், புகைப்படம் இருக்கிறது. அதற்கும் ஏழு வருடம் கழித்து, 1918இல்தான் வாக்கு வந்தது, அதுவும் 30 வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு. ஆண்களுக்குச் சமமாக வந்தது 1928இல்.

தாமிரபரணி எழுதியது:

டீச்சர், ஜூன் 17 என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மேனி சிலிர்த்துவிட்டது. நான் திருநெல்வேலிக்காரன், சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அந்தத் தேதியைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். 1911 ஜூன் 17 காலை மணியாச்சி சந்திப்பில், கொடைக்கானல் போவதற்கு ரயிலில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார், உடனே தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25.

ஒரே நாள்! லண்டனில் அந்த 40,000 பெண்கள், மணியாச்சியில் இது. இரண்டுக்கும் காரணம் அந்தக் கிரீடம்தான். வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயர் வருகிறது, அவருக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்பதைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். ஆஷ்மேல் இருந்த கோபத்துக்குப் பின்னால் வ.உ.சி.யின் கதை இருக்கிறது. 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டவர், 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூட நின்றவர், அதே வருடம் சிறைக்குப் போனவர். 1911இல் முடிசூட்டு விழா நடந்துகொண்டிருந்தபோது அவர் சிறைக்குள்தான் இருந்தார். கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பது அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் இருந்த கோபம்.

அக்கா, உங்கள் மகனிடம் அந்த வில்லையில் இருக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

தாமிரபரணி அண்ணே, நீங்கள் சொன்ன பிறகுதான் இரண்டு தேதியும் ஒன்று என்று எனக்கு உறைக்கிறது. இத்தனை வருடம் இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடிதத்தில் நாட்டுப் பற்றோடு சாதி, மத வெறுப்பான வார்த்தைகளும் இருக்கின்றன. வகுப்பில் சொல்லும்போது நான் இரண்டையும் மறைக்காமல் சொல்வேன். பிள்ளைகள் முழுசாகப் பார்க்கட்டும்.

தாமிரபரணி எழுதியது:

கோபம் இல்லை டீச்சர். கடிதம் நானும் படித்திருக்கிறேன். அந்த வரிகள் எனக்கும் நெருடும்.

சம்பளப் பிரிவு அக்கா எழுதியது:

எல்லாரும் ஊர்வலம், துப்பாக்கி என்று பேசுகிறீர்கள், நான் சட்டம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மாதா மாதம் 140 பேருக்குச் சேமநிதிக் கணக்குப் போடுகிறவள் நான்.

அந்த வெயில் உச்சத்துக்குப் போன மறுநாள், ஆகஸ்ட் 10, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில், அந்தச் சபையின் அதிகாரத்தையே குறைக்கும் ஒரு மசோதாமேல் வாக்கெடுப்பு. அதற்கு முன்கதை உண்டு. நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் 1909இல் ஒரு பட்ஜெட் போட்டார், பணக்காரர் வருமானத்துக்கும் நிலத்துக்கும் கூடுதல் வரி. 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் என்று முந்தின வருடம் சட்டம் போட்டிருந்தார்கள், அதற்கும் போர்க்கப்பலுக்கும் பணம் வேண்டும். பிரபுக்கள் பட்ஜெட்டையே தள்ளிவிட்டார்கள். 1910இல் மட்டும் இரண்டு பொதுத் தேர்தல். கடைசியில், அதிகாரத்தைக் குறைக்கும் அந்த மசோதாவுக்கு வழி விடாவிட்டால் புதுப் பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்துச் சபையை நிரப்புவோம் என்று பிரதமர் ஆஸ்குவித் அரசரிடம் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்துப் பிரபுக்கள் வாக்களித்தார்கள், 131க்கு 114. வெறும் 17 வாக்கு வித்தியாசம். அன்றிலிருந்து பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் அவர்களால் நிறுத்த முடியாது, மற்ற மசோதாவை இரண்டு வருடம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். நாடாளுமன்ற ஆயுளும் ஏழு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அதே மாதம்தான் எம்.பி.க்களுக்கு முதன்முதலாகச் சம்பளம், வருடத்துக்கு 400 பவுண்டு. அதுவரை சொத்து இருக்கிறவனோ, சங்கமோ கட்சியோ காசு கொடுத்துத் தாங்குகிறவனோதான் எம்.பி.யாக இருக்க முடியும். சுரங்கத் தொழிலாளி ஒருவன் எம்.பி. ஆனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதற்கு அன்றைக்குத்தான் வழி பிறந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிசம்பர் 16இல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம். தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3 பென்னி, அரசாங்கம் 2 பென்னி. "நாலு கொடுத்து ஒன்பது வாங்கு" என்றே லாய்ட் ஜார்ஜ் ஊரெல்லாம் பேசினார். ஒரு அட்டை கொடுப்பார்கள், வாரா வாரம் முதலாளி அதில் தபால்தலை மாதிரி ஒரு வில்லை ஒட்ட வேண்டும். நோய் வந்து படுத்தால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்னி. பிரசவத்துக்கு 30 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. நம் அன்றைய வெள்ளி, அதாவது டாலர், 2 ஷில்லிங் 4 பென்னிக்குச் சமம், கணக்குப் போட்டுப் பார்த்தேன், 10 ஷில்லிங் என்பது ஏறக்குறைய 4 வெள்ளி 30 காசு. பெரிய வீட்டு அம்மாக்கள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கூட்டம் போட்டு, வேலைக்காரிக்காக நாங்கள் வில்லையை நக்கி ஒட்ட மாட்டோம் என்று எதிர்த்தார்கள். அதற்காகச் சட்டம் நின்றுவிடவில்லை, 1912 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

நம் மத்திய சேமநிதி 1955இல் வந்தது, அது வேறு ஏற்பாடு, அவரவர் காசு அவரவர் கணக்கில். அங்கே எல்லார் காசும் ஒரே பானை. ஆனாலும் முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு என்று இரண்டு பத்தி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டை ஞாபகம் வரும். என் அம்மா வீட்டு வேலை பார்த்தவர். அவருக்கு எந்த அட்டையும் இல்லை, காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி பிடித்தார்கள்.

இன்னொரு விஷயம். அந்த 1911ஆம் வருடத்து பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் சிங்கப்பூரில் 1987 வரை ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட இங்கே அதுதான் சட்டம்.

ரேஸ் கோர்ஸ் ரோடு எழுதியது:

சிங்கப்பூர்ப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். இங்கே முதல் ஆகாய விமானம் பறந்தது 1911 மார்ச்சில், ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில். ஓட்டியவர் பெல்ஜியத்துக்காரர். பிரிட்டனில் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதே வருடம் செப்டம்பர் 9 அன்று ஹெண்டனிலிருந்து விண்ட்சருக்கு, முடிசூட்டு வருடக் கொண்டாட்டத்தை ஒட்டி. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஏழு மாதம் முன்னாலேயே அலகாபாத்தில் பிப்ரவரி 18 அன்று விமானத்தில் கடிதம் போய்விட்டது, அதிகாரபூர்வ விமானத் தபாலில் உலகத்திலேயே அதுதான் முதல்.

துறைமுகத்து ஆள் எழுதியது:

ஃபேரர் பார்க் திடல் நமக்கு எட்டும் தூரம்தானே. அந்த அம்மாவின் பெரியவரும் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பொங்கோல் வாசி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முழுவதையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அலமாரியில் ஒளிந்த அம்மாவின் கதையை இரண்டு தடவை கேட்டான். பள்ளிப் பிள்ளைகள் வேலைநிறுத்தத்துக்கு அவன் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லனெல்லி இளைஞர்கள் பற்றி வாசிக்கும்போது ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அந்த ரெண்டு பேருக்கும் பதக்கம் கிடைச்சிருக்குமா" என்றான்.

தாமிரபரணி அண்ணன் சொன்னபடி 22லிருந்து ஐந்து நாள் பின்னால் எண்ணினான். ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் லண்டன், அந்தப் பக்கம் மணியாச்சி என்று எழுதிவிட்டு, கீழே மூன்றாவதாகச் சிங்கப்பூர் என்று ஒரு கட்டம் விட்டிருக்கிறான். அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. கொள்ளுத்தாத்தா எந்த வருடம் கப்பல் ஏறினார் என்று என் கணவரின் அத்தையிடம் கேட்க வேண்டும், அவர் தோ பாயோவில் இருக்கிறார், வயது 88. சனிக்கிழமை போகிறோம்.

பழங்காசு அண்ணே, புளி போடவில்லை. பழைய கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். ஒன்று கவனித்தேன், ஓட்டை கம்பெனியில் போட்டதுபோல் நேராக இல்லை, ஆணியால் அடித்த மாதிரி ஓரம் பிதுங்கியிருக்கிறது, அரசர் தலைக்கு மேலே கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில். இது வீட்டில் போட்டதாக இருக்குமா?

பழங்காசு எழுதியது:

வீட்டில் போட்டதுதான் சகோதரி. கடை வில்லை என்றால் மேலே தனியாக ஒரு காது வைத்து வார்த்திருப்பார்கள். உங்கள் பெரியவர் ஆணியும் சுத்தியலும் வைத்துத் தன் கையால் அடித்திருக்கிறார். சாவியைக் கழற்ற வேண்டாம், அப்படியே அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.